மாதவிடாய்த் துணிக்கு நீர் வேண்டும், கதவு வேண்டும், வெயில் வேண்டும்

(கோலார் தங்கவயல் பாலகாட் பகுதியில் உழைக்கும் பெண்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மாதவிடாயைப் பற்றிப் பொதுக்கூட்டத்தில் பேசுவதா என்று கேட்பவர்கள் உண்டு. கூலியைப் பற்றிப் பேசலாம், பணிக்கொடை நிலுவையைப் பற்றிப் பேசலாம், குடியிருக்கும் வீட்டுக்கான பட்டாவைப் பற்றிப் பேசலாம். பெண்ணின் உடலில் மாதந்தோறும் நிகழ்வதை மட்டும் அடுப்படியில் கிசுகிசுக்க வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். மாதத்துக்கு 5 நாள் எனக் கொண்டு 35 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால், ஒரு பெண்ணின் வாழ்நாளில் ஏறத்தாழ 6 ஆண்டுகள் இதில் கழிகின்றன. அந்த 6 ஆண்டுகளிலும் அவள் சமைக்கிறாள், தண்ணீர் சுமக்கிறாள், ரயிலேறி வேலைக்குப் போகிறாள், தையல் இயந்திரத்தின் முன் 8 மணி நேரம் அமர்கிறாள். உழைப்பைப் பற்றிப் பேசும் மேடையில் இதைப் பேசாமல் வேறெங்கே பேசுவது? ஆண் தோழர்கள் கலைந்துபோக வேண்டியதில்லை. வீட்டுக்குத் தண்ணீர் வருவதும் கழிப்பறைக்குக் கதவு இருப்பதும் அவர்களுடைய பொறுப்பும்தான்.

இன்று நகரங்களில் ஒரு புதிய அறிவுரை பரவி வருகிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நாப்கினை விடுங்கள். துவைத்துப் பயன்படுத்தும் துணி அணையாடைக்கோ, சிலிக்கோனால் ஆன மாதவிடாய்க் குப்பிக்கோ மாறுங்கள். அதனால் குப்பை குறையும், செலவு குறையும், பூமி பிழைக்கும் என்பதே அந்த அறிவுரை. அது சரியானதுதான். ஆயினும் பாலகாட்டின் ஓரறை வீட்டில் வாழும் பெண் அதைக் கேட்டதும் ஒரு கேள்வி எழுப்பக்கூடும்: “எங்கள் பாட்டியும் தாயும் துவைத்துக் கட்டியது துணிதானே? அதை விட்டுவிடச் சொன்னதும் நீங்கள், திரும்ப எடுக்கச் சொல்வதும் நீங்களா?” இந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லாமல் எந்த மாற்றத்தையும் கொண்டுவர இயலாது.

பொன் விளைந்த மண்ணில் ஒரு துண்டுத் துணி

1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் அன்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் இந்த வயலில் பொன் தோண்டத் தொடங்கியது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க், பாலகாட் எனச் சுரங்கங்கள் எழுந்தன. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்தும் நிலமற்ற மக்கள், பெரும்பாலும் தலித் மக்கள், பஞ்சம் பிழைக்க இங்கே வந்தனர். ஏறக்குறைய 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் பொன் இந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் இறங்கி அதை எடுத்தவர்களின் குடும்பங்கள் மேலே மூங்கில் தட்டிக் குடிசைகளிலும், பின்னர் வரிசை வரிசையான ஓரறை வீடுகளிலும் வாழ்ந்தன.

1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இங்கே கொண்டுவரப்பட்டது. பெங்களூர் நகரம் மின்விளக்கைக் கண்டது அதற்குப் பிறகு, 1905இல்தான். சுரங்க இயந்திரங்களுக்காக ஆசியாவையே வியக்க வைத்த மின்கம்பி வந்த அதே ஊரில், தொழிலாளர் லைன்களில் இருந்தவை நீரில்லாத பொது உலர் கழிப்பறைகள். இயந்திரத்துக்கு எது தேவையோ அது உடனே வந்தது. தொழிலாளியின் மனைவிக்கும் மகளுக்கும் எது தேவையோ அது நூறாண்டு காத்திருந்தது.

அந்தக் காலத்துப் பெண்கள் பழைய சேலையைக் கிழித்து மடித்துக் கட்டினர். அதைத் துவைத்து மீண்டும் கட்டினர். மறுபயன்பாடு என்ற சொல் இங்கே வருவதற்கு நெடுநாள் முன்பே அந்தச் செயல் இங்கே இருந்தது. ஆனால் அது எவ்வாறு இருந்தது? துவைக்கத் தண்ணீர் போதாது. துவைத்ததை அயலார் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியிலோ, கூரை இடுக்கிலோ, வேறொரு துணியின் மறைவிலோ உலர்த்த வேண்டும். அரைகுறையாக உலர்ந்த துணியையே மறுநாள் கட்ட வேண்டும். தொடையில் உரசிப் புண்ணாகும்; அரிப்பும் நோய்த்தொற்றும் வரும். வந்தாலும் சொல்ல முடியாது. துணி என்பதே இழிவு என்ற எண்ணம் பெண்கள் மனத்தில் பதிந்ததற்குத் துணி காரணமன்று. நீரின்மையும் மறைவின்மையும் வெட்கமும் சேர்ந்து அந்தத் துணியைத் துன்பமாக்கின.

நாப்கின் வந்த வழி

இந்தத் துன்பத்துக்கு விடுதலையாகவே நாப்கின் வந்தது. அதை மறுக்கக் கூடாது. இதன் வரலாறு சுவையானது. முதல் உலகப் போரில் காயங்களுக்குக் கட்டுப்போட மரக்கூழிலிருந்து ஓர் உறிஞ்சு பொருள் அமெரிக்காவில் பெருமளவில் உற்பத்தியானது. போர்க்கள மருத்துவமனைகளின் செவிலியர் அதையே மாதவிடாய்க்கும் பயன்படுத்தினர். போர் முடிந்ததும் தேங்கிய பொருளுக்குச் சந்தை தேவைப்பட்டது. 1920 வாக்கில் அது பெண்களுக்கான நாப்கினாகக் கடைக்கு வந்தது. 1937இல் லியோனா சால்மர்ஸ் என்ற அமெரிக்க நடிகை ரப்பரால் ஆன மாதவிடாய்க் குப்பிக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரப்பர் தட்டுப்பாட்டால் அதன் உற்பத்தி நின்றது. பிறகும் அது பரவலாகச் சந்தைக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பெண்களின் தயக்கமும் இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணத்தை எந்தக் கடைக்காரரும் சொல்வார்: மாதந்தோறும் வாங்க வேண்டிய பொருளை விற்பவனுக்கு, ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகள் உழைக்கும் பொருள்மீது விருப்பம் வராது.

இந்தியாவில் நாப்கின் நெடுங்காலம் வசதி படைத்தவர்களின் பொருளாகவே இருந்தது. கோவையின் அருணாசலம் முருகானந்தம் மலிவான நாப்கின் செய்யும் சிறிய இயந்திரத்தை உருவாக்கினார். தமிழ்நாட்டில் ‘புதுயுகம்’ திட்டமும் கர்நாடகத்தில் ‘சுசி’ திட்டமும் வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கினைக் கொண்டு சென்றன. 2017 ஜூலையில் ஒன்றிய அரசு நாப்கின்மீது 12 விழுக்காடு சரக்கு சேவை வரி விதித்தபோது நாடெங்கும் பெண்கள் எதிர்த்தனர். ஓராண்டு கழித்து, 2018 ஜூலையில், வரி விலக்கப்பட்டது. இவையெல்லாம் போராடிப் பெற்றவை. நாப்கின் இருந்ததால் பள்ளிக்குப் போன சிறுமிகளும், ஆடைத் தொழிற்சாலையில் அச்சமின்றி அமர்ந்த பெண்களும் உண்டு. ஆகவே, நாப்கினைப் பயன்படுத்தும் ஏழைப் பெண்ணைச் சுற்றுச்சூழலின் எதிரியாகச் சித்திரிப்பது அநீதி.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) நிலைமையைத் தெளிவாகக் காட்டுகிறது. 15 முதல் 24 வயதுப் பெண்களில் 64 விழுக்காட்டினர் நாப்கின் பயன்படுத்துகின்றனர். 50 விழுக்காட்டினர் துணியும் பயன்படுத்துகின்றனர்; ஒருவரே இரண்டையும் பயன்படுத்துவதும் உண்டு. குப்பி பயன்படுத்துவோர் 0.3 விழுக்காடு மட்டுமே. அதாவது இந்நாட்டின் இளம்பெண்களில் பாதிப்பேர் இன்றும் துணியோடு வாழ்கின்றனர். மறுபயன்பாட்டுக்கு மாறுவது என்ற பேச்சு அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும். அவர்களுடைய துணியைப் பாதுகாப்பானதாக்குவதே முதல் வேலை. குப்பி அதற்கு அடுத்தது.

எறிந்தது யார் கைக்குப் போகிறது?

நாப்கினின் உறையும் அடித்தாளும் உறிஞ்சு பசையும் பெரும்பாலும் நெகிழி வகைகளே. மண்ணில் அவை எளிதில் மக்குவதில்லை. மாதம் 15 நாப்கின் எனக் கொண்டால் ஒரு பெண் 35 ஆண்டுகளில் 6,300 நாப்கின்களை எறிகிறாள். இவற்றை எரித்தால் போதும் என்பார்கள். குறைந்த வெப்பத்தில் நெகிழியை எரித்தால் நச்சுப் புகை வரும். பள்ளிகளில் வைக்கப்படும் சிறிய எரிப்பான்கள் பலவற்றில் அதற்கான வெப்பமோ கண்காணிப்போ கிடையாது. கழிப்பறையில் போட்டால் நீரை உறிஞ்சி உப்பிக் குழாயை அடைக்கும். அடைத்த குழாயைத் திறக்க யார் இறங்குகிறார்?

இந்தக் கேள்வியைத் தங்கவயலில் கேட்கும்போது அதற்குத் தனிப் பொருள் உண்டு. பெஜவாடா வில்சன் 1966இல் பிறந்தது இந்த ஊரில். தலைமுறையாகக் கையால் மலம் அள்ளும் வேலையில் தள்ளப்பட்ட குடும்பத்தில். சுரங்க லைன்களின் உலர் கழிப்பறைகளில் பெண்களும் ஆண்களும் வாளியும் தகரமும் கொண்டு மலம் அள்ளுவதைக் கண்ட இளைஞர் அவர். அந்த வேலையை ஒழிக்க வேண்டுமென்று நிர்வாகத்துக்கு எழுதினார்; புகைப்படச் சான்றுகளைத் திரட்டினார். அப்படி ஒரு வழக்கமே இல்லை என்று சாதித்தவர்களுக்கு முன் அந்தப் படங்களை வைத்தார். இங்கே தொடங்கிய போராட்டமே 1990களில் சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் என்ற நாடு தழுவிய இயக்கமாயிற்று. 1993இல் உலர் கழிப்பறைத் தடைச் சட்டமும், 2013இல் கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் சட்டமும் வந்தன. இயக்கம் தொடுத்த வழக்கில் 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாக்கடையில் இறங்கி உயிரிழந்தோர் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க அந்தத் தீர்ப்பு ஆணையிட்டது. 2016இல் வில்சனுக்கு மகசேசே விருது கிடைத்தது.

உலர் கழிப்பறைக் காலத்தில் மலத்தோடு விழுந்த துணியையும் அந்தக் கைகளே எடுத்தன. இன்று குப்பைத் தொட்டியில் காகிதத்தில் சுற்றி எறியப்படும் நாப்கினைப் பிரித்தெடுப்பவரும் பெரும்பாலும் தலித் பெண் தொழிலாளியே; அவரும் மாதவிடாய் காணும் ஒரு பெண்தான். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இரண்டு கடமைகளைச் சொல்லின. வீட்டார் நாப்கினை உறையிலிட்டுத் தனியே தர வேண்டும். உற்பத்தியாளர் ஒவ்வொரு நாப்கினுக்கும் அத்தகைய உறையை வழங்க வேண்டும். முதல் கடமையை நகராட்சிகள் சுவரொட்டியில் எழுதுகின்றன. இரண்டாவதைப் பற்றி அத்தனை உரக்கப் பேசுவதில்லை.

புனே நகரில் குப்பை திரட்டும் பெண்களின் ‘ஸ்வச்’ கூட்டுறவு இந்த மௌனத்தை உடைத்தது. 2013இல் அந்தத் தொழிலாளர்கள் தாங்கள் பிரித்தெடுத்த நாப்கின்களைச் சாக்குகளில் கட்டி, அவற்றை உற்பத்தி செய்த பெருநிறுவனங்களின் அலுவலகங்களுக்கே அனுப்பி வைத்தனர். விற்கும்போது வரும் இலாபம் நிறுவனத்துக்கு, எறிந்தபின் வரும் நாற்றம் தொழிலாளிக்கு என்ற ஏற்பாட்டை அதைவிடத் தெளிவாக யாரும் அம்பலப்படுத்தியதில்லை.

மறுபயன்பாட்டுப் பொருளுக்கு மாறுவதற்கான வலுவான காரணம் இங்கேதான் உள்ளது. பூமியைக் காப்பது நல்ல நோக்கம். அதற்கும் முன்னே, இன்னொரு பெண்ணின் வெறுங்கையைக் காப்பது வர்க்கக் கடமை. சாதி ஒழிப்புக் கடமையும் ஆகும்.

துணியும் குப்பியும்: தெரிந்துகொள்ள வேண்டியவை

துணி அணையாடை என்பது பருத்தித் துணியைப் பல அடுக்காகத் தைத்து, உள்ளாடையில் பொத்தான் இட்டு நிறுத்தும் பொருள். ஆரோவில்லின் ‘எகோ ஃபெம்’ போன்ற அமைப்புகள் தமிழ்நாட்டில் இதைப் பல ஆண்டுகளாகப் பரப்பி வருகின்றன. பயன்படுத்தும் முறை எளிது. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கழற்றியதை முதலில் குளிர்ந்த நீரில் அலசி, பிறகு சோப்பிட்டுத் துவைக்க வேண்டும். வெந்நீரில் முதலில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பிறகு நேரடி வெயிலில் முழுமையாக உலர வேண்டும். மழைநாளில் இஸ்திரி போட்டு ஈரத்தை நீக்கலாம். உலர்ந்ததைச் சுத்தமான பையில் வைக்க வேண்டும். ஒருவர் துணியை மற்றவர் பயன்படுத்தலாகாது.

குப்பி மருத்துவத் தரமுள்ள சிலிக்கோனால் ஆனது. மடித்து உள்ளே வைத்தால் விரிந்து நின்று குருதியைச் சேகரிக்கும். குருதிப் போக்கின் அளவைப் பொறுத்து 8 முதல் 12 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். அதற்குமுன் கையைச் சோப்பால் கழுவி, எடுத்துக் கொட்டி, கழுவி மீண்டும் வைக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் தனிப் பாத்திரத்தில் கொதிக்க வைக்க வேண்டும். நன்கு பேணினால் பல ஆண்டுகள், சில வகைகள் 10 ஆண்டுகள் வரை, உழைக்கும். ஒரு குப்பியின் விலை சில நூறு ரூபாய். மாதம் 80 ரூபாய் நாப்கினுக்குச் செலவிடும் பெண் அந்தத் தொகையை ஓராண்டுக்குள் மீட்டுவிடலாம். ஆனால் சில நூறு ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைப்பதுதான் கூலிக்காரப் பெண்ணுக்குக் கடினம் என்பதையும் மறக்கக் கூடாது.

குப்பி பாதுகாப்பானதா? 2019இல் ‘தி லான்செட் பப்ளிக் ஹெல்த்’ என்ற மருத்துவ இதழ், 43 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 3,300க்கும் மேற்பட்டோரின் தரவுகளையும் தொகுத்து ஆராய்ந்தது. கசிவில் குப்பி மற்றப் பொருள்களுக்கு இணையானது அல்லது மேலானது. முயன்று பார்த்தவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் தொடர விரும்பினர் என அது கண்டது. பழகுவதற்குச் சில மாதங்கள் ஆகும் என்பதும் அதில் தெரிந்தது. காப்பர்-டி போட்டுள்ள பெண்கள், அது இடம்பெயர வாய்ப்புள்ளதால், மருத்துவரைக் கேட்ட பிறகே குப்பியைப் பயன்படுத்த வேண்டும். வலியோ கடும் குருதிப்போக்கோ உள்ளவர்களும் அவ்வாறே.

திருமணமாகாத பெண்ணுக்குக் குப்பி ஆகாது, கன்னித்தன்மை போய்விடும் என்று ஓர் அச்சம் உண்டு. பெண்ணுடலில் கன்னித்தன்மையைக் காட்டும் மருத்துவ அடையாளம் எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் அறிவித்தது. பாலியல் வன்முறை வழக்குகளில் நடத்தப்பட்டு வந்த ‘இரு விரல் சோதனை’யை 2022 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் கண்டித்துத் தடுத்தது. அறிவியலும் சட்டமும் கைவிட்டதை அண்டை வீட்டார் பேச்சுக்காகச் சுமக்க வேண்டியதில்லை. அதே வேளையில், குப்பியை விரும்பாத பெண்ணை எவரும் வற்புறுத்தக் கூடாது. எதைத் தேர்வது என்பது அவளுடைய உரிமை.

அறிவுரை நிற்கும் இடமும் தண்ணீர்க் குழாய் நிற்கும் இடமும்

இவ்வளவும் சொன்ன பிறகு மீண்டும் அந்த ஓரறை வீட்டுக்கு வர வேண்டும். மேலே சொன்ன ஒவ்வொரு வழிமுறையிலும் ஒரு நிபந்தனை ஒளிந்துள்ளது. துணியை அலச நீர் வேண்டும். குப்பியை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் அதனுள்ளே குழாயும் வேண்டும். உலர்த்த வெயில் படும் இடம் வேண்டும். கொதிக்க வைக்க எரிவாயுவும், யாரும் முகம் சுளிக்காத ஓர் அடுப்பும் வேண்டும்.

பேத்தமங்கலத்திலிருந்து குழாய் வழியே நீர் கொண்டுவந்து வளர்ந்தது இந்த நகரம். இன்று வறட்சி மாவட்டமான கோலாரில் குடிநீருக்கே குடத்தோடு காத்திருக்கும் பெண்ணிடம் துணி துவைக்கத் தனியாக இரண்டு வாளி ஒதுக்கு என்பது எளிய பேச்சன்று. வெயிலில் உலர்த்து என்றால், காற்றடிக்கும் மாதங்களில் சயனைடு மேடுகளின் நுண்தூசி கொடியில் காயும் துணியின்மீது படிகிறது. பொன்னைப் பிரித்தெடுத்தபின் மலைபோல் கொட்டப்பட்ட மண் அது. அதில் எஞ்சிய பொன்னை மீண்டும் எடுப்பது பற்றி அரசுகள் பேசுகின்றன. 2024இல் கர்நாடக அமைச்சரவையும் இசைவு தந்தது. அந்தத் தூசியோடு வாழும் வீடுகளைப் பற்றிய பேச்சு அதே வேகத்தில் நகரவில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன் பிறகு இந்த ஊரின் உழைப்பு ரயிலேறிற்று. மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் போகின்றனர். விடியுமுன் புறப்பட்டு இருட்டியபின் திரும்புபவர்களில் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும், வீட்டு வேலை செய்யும் பெண்களும், துப்புரவுப் பணிப் பெண்களும் உள்ளனர். வீட்டை விட்டு வெளியே இருக்கும் 14 மணி நேரத்தில் அவர்கள் துணியை எங்கே மாற்றுவது? கழற்றிய துணியை எதில் வைத்துக் கொண்டு வருவது? தொழிற்சாலையில் கழிப்பறை, கழுவுமிடம் ஆகியவற்றை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 19, 42ஆம் பிரிவுகளில் எழுதி வைத்தது. உற்பத்தி இலக்கு தலைக்கு மேல் தொங்கும்போது எழுந்து போகும் நேரத்தை அந்தச் சட்டம் பெற்றுத் தரவில்லை. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கோ, தான் நாள்தோறும் தேய்த்துக் கழுவும் கழிப்பறையைப் பயன்படுத்தும் அனுமதியே பல வீடுகளில் இல்லை. கர்நாடக அமைச்சரவை 2025 அக்டோபரில் மாதம் ஒரு நாள், ஆண்டுக்கு 12 நாள் ஊதியத்துடன் கூடிய மாதவிடாய் விடுப்புக்கு ஒப்புதல் அளித்தது வரவேற்கத்தக்கது. ஆனால் வருகைப் பதிவேடே இல்லாத வேலையில் இருப்பவளுக்கு அந்த விடுப்பை யார் தருவார்?

மறுபயன்பாட்டுப் பொருள் செலவைக் குறைக்கிறது, குப்பையைக் குறைக்கிறது, ஆனால் பெண்ணின் வேலையைக் கூட்டுகிறது. துவைப்பதும் உலர்த்துவதும் கொதிக்க வைப்பதும் ஊதியமில்லா வீட்டு உழைப்பின் கணக்கில் புதிதாகச் சேர்கின்றன. இதைச் சொல்லாமல் ‘மாறுங்கள்’ என்று மட்டும் சொன்னால், நிறுவனம் உருவாக்கிய குப்பையைக் குறைக்கும் பொறுப்பும் ஏழைப் பெண்ணின் முதுகிலேயே ஏறும்.

கேரளம் காட்டிய வழி

பொதுநிதியும் பயிற்சியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கேரளத்தில் சான்றுகள் உண்டு. 2019இல் ஆலப்புழை நகராட்சியில் பொதுத்துறை நிறுவனமான எச்.எல்.எல். ‘திங்கள்’ என்ற திட்டத்தின் மூலம் 5,000 குப்பிகளை இலவசமாக வழங்கியது. எர்ணாகுளம் மாவட்டத்தின் கும்பளங்கி ஊராட்சி 2022 ஜனவரியில் நாட்டின் முதல் நாப்கின் இல்லா ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. அங்கும் குப்பி இலவசமாகத் தரப்பட்டதோடு, பயன்படுத்தும் முறையும் கற்பிக்கப்பட்டது. கர்நாடகத்திலும் தட்சிண கன்னடம், சாமராஜநகர் மாவட்டங்களில் ‘மைத்ரி’ திட்டத்தின் கீழ் வளரிளம் பெண்களுக்குக் குப்பி வழங்கும் சோதனை முயற்சி நடைபெற்றது. கோலார் மாவட்டத்துக்கு அது ஏன் வரக்கூடாது என்று கேட்பது இந்தக் கூட்டத்தின் உரிமை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 5,000 பெண்களிடம் குப்பியைக் கொண்டு சேர்த்த அதே எச்.எல்.எல். நிறுவனத்தைத் தனியாருக்கு விற்க ஒன்றிய அரசு 2021 டிசம்பரில் விருப்ப விண்ணப்பங்களைக் கோரியது. பொதுத்துறையை மூடினால் ஓர் ஊருக்கு என்ன நேரும் என்பதைத் தங்கவயலுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

தீட்டு என்னும் தாழ்ப்பாள்

கொடியில் வெயிலில் காய வேண்டிய துணி கட்டிலுக்கு அடியில் காய்வதற்கு நீரும் இடமும் மட்டும் காரணமல்ல. ‘வீட்டுக்குத் தூரம்’ என்ற சொல்லும் காரணம். இது பழைய நோய். புறநானூற்றில் பொன்முடியார் பாடிய பாட்டொன்று, போர்க்களத்தில் பின்வாங்கி நிற்கும் குதிரைகளுக்கு, முருகன் கோட்டத்தில் பாத்திரம் தொடாமல் ஒதுங்கி நிற்கும் மாதவிலக்குப் பெண்களை உவமை கூறுகிறது. ஒதுக்கம் அவ்வளவு பழையது. அதை எதிர்த்த குரலும் தமிழில் உண்டு. எதைத் தீட்டு என்று ஒதுக்குகிறாயோ அதிலிருந்தே உன் உடல் உருவாயிற்று என்று சித்தர் சிவவாக்கியர் ஆசாரம் பேசியவர்களை மடக்கினார்.

தீட்டின் பெயரால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களே இந்தச் சுரங்க லைன்களில் பெரும்பாலோர். தொட்டால் தீட்டு என்று தம்மை ஒதுக்கியவர்களை எதிர்த்து, அம்பேத்கரையும் செங்கொடியையும் உயர்த்திப் பிடித்த மண் இது. அதே வீட்டுக்குள் மகளை மூன்று நாள் மூலையில் உட்கார வைப்பது அந்தப் போராட்டத்துக்கே முரணானது. ஆண் தோழர்கள் கொடியில் காயும் மாதவிடாய்த் துணியைக் கண்டு முகம் திருப்பாமல் இருப்பதும், மழை வந்தால் மற்றத் துணிகளோடு அதையும் எடுத்து உள்ளே போடுவதும் சிறிய செயல்தான். வீட்டில் தொடங்க வேண்டியது அதுவே.

கேட்க வேண்டியவை

ஆகவே நகராட்சியிடமும் மாநில அரசிடமும் கீழ்க்காணும் கோரிக்கைகளை வைத்துக் கையெழுத்துத் திரட்டுவது தேவையாகிறது.

ஒன்று: லைன் வீடுகள் அனைத்துக்கும் குழாய் நீர், வீட்டுக்கு ஒரு கழிப்பறை, அதற்குக் கதவு, தாழ்ப்பாள், விளக்கு. அதுவரை பொதுக் கழிப்பறைகளில் நீரும் துவைக்கும் தொட்டியும்.

இரண்டு: ஆரம்பச் சுகாதார நிலையங்கள் வழியாகத் துணி அணையாடையும் குப்பியும் இலவசமாக வழங்கப்பட வேண்டும். ஆஷா பணியாளர்களுக்குப் பயிற்சியும் அதற்கான கூடுதல் ஊதியமும் வேண்டும். பள்ளிகளில் ‘சுசி’ நாப்கின் இடையறாது தொடர வேண்டும். குப்பி தருவதைக் காரணம் காட்டி நாப்கினை நிறுத்தக் கூடாது.

மூன்று: துணி அணையாடை தைக்கும் பொதுக் கூடம் இங்கேயே அமைய வேண்டும். உலகச் சந்தைக்குச் சட்டை தைக்கப் பெங்களூருக்கு ரயிலேறும் கைகளுக்கு இந்த வேலை புதிதன்று. குறைந்தபட்ச ஊதியத்தோடு அந்த வேலையை ஊரிலேயே தரலாம்.

நான்கு: நாப்கின் உற்பத்தியாளர்கள் உறை வழங்கும் கடமையை நகராட்சி கட்டாயப்படுத்த வேண்டும். துப்புரவுத் தொழிலாளர்களுக்குப் பணி நிரந்தரமும் கையுறையும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும். வீட்டிலுள்ளோர் நாப்கினைத் தாளில் சுற்றிச் சிவப்புப் புள்ளியிட்டுத் தனியே தர வேண்டும். அது அவர்களுக்குச் செய்யும் உதவியன்று, கடமை.

ஐந்து: தொழிற்சாலைகளில் இடைவேளையும் கழுவுமிடமும், வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு, வேலை செய்யும் வீட்டிலேயே கழிப்பறையைப் பயன்படுத்தும் உரிமையும் மாதவிடாய் விடுப்பும்.

தாய்மார்களே, சகோதரிகளே! இந்தக் கோரிக்கைகள் நிறைவேறும் வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. நீரும் மறைவும் கிடைக்கும் வீட்டில் இன்றே துணிக்கோ குப்பிக்கோ மாறலாம். அவை கிடைக்காத வீட்டில் நாப்கினைத் தொடர்வதில் குற்ற உணர்வு வேண்டாம். மாறியவர் மாறாதவருக்கு வழிகாட்டட்டும். மாற முடியாதவரின் தண்ணீருக்காக மாறியவரும் நகராட்சி வாசலில் வந்து நிற்கட்டும். இயந்திரத்துக்கு 1902இல் வந்த மின்சாரம்போல, பெண்ணுக்கு வரவேண்டிய தண்ணீரும் கேட்டால் வரும், திரண்டு கேட்டால் விரைந்து வரும்.